பாட்டியின் குறிப்பும் கணினியின் நிரலும்

கடையில் விற்கும் மசாலைத்தூளைக் கொண்டு மீன்கறி சமைக்கலாம். பாட்டி எழுதிவைத்த குறிப்பைப் பார்த்து, மசாலையை வீட்டிலேயே அரைத்தும் சமைக்கலாம். கடைத்தூளில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. பாட்டியின் குறிப்பு இருந்தாலோ மிளகாயைக் குறைத்து மல்லியைக் கூட்டிக்கொள்ளலாம். அக்குறிப்பைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுக்கலாம். மென்பொருள்களிலும் இத்தகைய இரு வகைகள் உண்டு.

ஒரு மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று நிரலாளர்கள் எழுதும் கட்டளைகளின் தொகுப்பே மூலநிரல் ஆகும். பல நிறுவனங்கள் அதனை வெளியிடுவதில்லை. மாறாக, மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமையோடு வெளிவருவது திறந்தமூல மென்பொருள் எனப்படுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், இவ்வுரிமைகள் பயனர்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காக 1983ஆம் ஆண்டில் ‘குனூ’ என்ற திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டில், ஃபின்லாந்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ‘லினக்ஸ்’ நிரலை இணையத்தில் வெளியிட்டார். பல நாட்டவர் அதனை மேம்படுத்தினர். இன்று ஆண்டிராய்டு திறன்பேசிகளின் அடித்தளத்தில் இயங்குவதும் லினக்ஸ்தான்.

திறந்தமூல மென்பொருள் என்றால் இலவச மென்பொருள் என்றே பலர் எண்ணுகின்றனர். ஆனால், இதில் பணத்தைவிடப் பெரிய கேள்வி ஒன்று உள்ளது. மென்பொருளைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பதே அக்கேள்வி. ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

மியூனிக் நகர அலுவலகங்கள் பயன்படுத்திய பழைய விண்டோஸ் இயங்குதளத்திற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்தவிருந்தது. ஒரு நிறுவனத்தின் முடிவுக்காக நகரம் முழுவதும் மாற வேண்டுமா என்ற விவாதம் எழுந்தது. அந்நிறுவனத்தின் தலைவரே நேரில் வந்து நகரத் தலைவரைச் சந்தித்தார். ஆயினும், 2003ஆம் ஆண்டில் நகரமன்றம் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தது. படிப்படியாக ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. பத்து ஆண்டுகள் கழித்து, 2013இல் அப்பணி நிறைவடைந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் சரியாகத் திறக்கவில்லை என்று ஊழியர்கள் சிலர் குறைகூறினர். மென்பொருள்மீது குற்றமில்லை, நிர்வாகம்தான் சரியில்லை என்று வேறு சிலர் வாதிட்டனர். 2017இல் நகரமன்றம் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவுசெய்தது. 2020இல் பொறுப்பேற்ற கூட்டணியோ, இயன்றவரை திறந்தமூல மென்பொருளுக்கே முன்னுரிமை தருவதாக உடன்பாடு கண்டது. மென்பொருள் தேர்வும் மக்களின் வாக்கோடு தொடர்புடையது என்பதை இந்நகரம் காட்டுகிறது.

இதே கேள்வி சமூக ஊடகங்களுக்கும் பொருந்தும். பெரும்பாலான சமூக ஊடகங்களின் விதிகளை ஒரே நிறுவனம் வகுக்கிறது. உரிமையாளர் மாறினால் விதிகளும் மாறலாம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஈலோன் மஸ்க் 44 பில்லியன் அமெரிக்க டாலருக்கு டுவிட்டரை வாங்கினார். சில வாரங்களிலேயே நீலநிறச் சரிக்குறி, கட்டணம் செலுத்துவோருக்குக் கிடைக்கும் ஒன்றாக மாறியது. இத்தகைய மாற்றங்களை விரும்பாத பலர் ‘மாஸ்டடான்’ என்ற தளத்தை நாடினர்.

மாஸ்டடான் 2016ஆம் ஆண்டில் ஜெர்மனியில் உருவான திறந்தமூல மென்பொருள். இதைக் கொண்டு இயங்கும் தளம் முழுவதற்கும் ஒரே உரிமையாளர் இல்லை. தனிமனிதர்களும் அமைப்புகளும் தத்தம் சேவையகங்களை நடத்துகின்றனர். ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் முகவரிக்குக் கடிதம் அனுப்புவதுபோல், ஒரு சேவையகத்தில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரோடு உரையாடலாம். இதனைப் பரவலாக்கப்பட்ட சமூக ஊடகம் என்பர். ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் அரசு அமைப்புகளும் தங்களுக்கெனச் சேவையகங்களை அமைத்துள்ளன.

எனினும், கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும்போது விரும்பாதவரும் நுழையலாம். வெறுப்புப் பேச்சுக்காகக் கண்டிக்கப்பட்ட ‘கேப்’ என்ற தளம், 2019இல் மாஸ்டடானின் நிரலையே எடுத்துப் பயன்படுத்தியது. மாஸ்டடானை உருவாக்கியவர்கள் அதனை எதிர்த்தபோதும், உரிமத்தின்படி அதைத் தடுக்க இயலவில்லை. ஆகவே, பிற சேவையகங்கள் பல அத்தளத்துடனான தொடர்பைத் துண்டித்தன. மேலும், சிறிய சேவையகத்தை நடத்துபவருக்கு நேரமோ பணமோ இல்லாமல் போனால் அது மூடப்படலாம்.

திறந்திருப்பதால் மட்டுமே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. கடவுச்சொல் போன்ற தகவல்களைக் காக்கும் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்ற திறந்தமூல மென்பொருளை உலகின் எண்ணற்ற இணையத்தளங்கள் பயன்படுத்தின. 2014ஆம் ஆண்டில் அதில் பெரும் பிழை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நிரலை எவரும் படிக்கலாம் என்றிருந்தும், ஈராண்டுகளாக அப்பிழை யார் கண்ணிலும் படவில்லை. அம்மென்பொருளைப் பராமரித்தவர்கள் ஒரு சிலரே. அதன் பின்னரே பெரிய நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து இத்தகைய பணிகளுக்கு நிதி வழங்க முன்வந்தன.

எனவே, திறந்தமூல மென்பொருள் தரும் உரிமையோடு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் இதில் பங்காற்றலாம். பிழைகளைக் கண்டால் தெரிவிக்கலாம். மென்பொருளைத் தமிழில் மொழிபெயர்க்க உதவலாம். பயன்படுத்தும் செயலியின் விதிகளை யார் வகுக்கிறார் என்று கேட்கலாம். பாட்டியின் குறிப்பு கையில் இருந்தால் மட்டும் கறி மணக்காது. மசாலையை அரைக்கவும் ஆள் வேண்டும்.