கேமரா புத்தகம் வாங்கப் போகிறீர்களா சகோதரிகளே?

எனக்கு வயது முப்பத்தாறு. பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். அதற்கு மேல் படிக்க வீட்டில் வசதியில்லை. என் கொழுந்தனார் போன வருஷம் புது கேமரா வாங்கினார். தன்னிடமிருந்த பழைய டிஜிட்டல் கேமராவை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டார். கேனான் கம்பெனியுடையது. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற வகை. "பழசுதான் அண்ணி, ஆனா நல்லா எடுக்கும். சும்மா பீரோவுல வைச்சிடாதீங்க" என்றார். அதோடு வந்த புத்தகம் எங்கேயோ தொலைந்துபோய்விட்டதாம்.

எனக்கு இதில் ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் பெரியம்மா இறந்தபோது மாலை போட ஒரு படம் இல்லை. யார் யார் கல்யாண ஆல்பத்தையோ புரட்டி, ஒரு குரூப் போட்டோவின் ஓரத்தில் பாதி முகம் தெரிந்ததைப் பெரிதாக்கித்தான் சட்டம் போட்டோம். வீட்டு விசேஷத்தில் எல்லாருக்கும் பந்தி பரிமாறுகிற பெண்கள் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. உங்கள் வீட்டு ஆல்பத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இந்த நேரத்தில்தான் என் தங்கைக்கு வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். ஆறு வாரம் இருந்தது. "வெளி ஆம்பளை வந்து கிட்டக்க நின்னு எடுத்தா எனக்குக் கூச்சமா இருக்குக்கா. நீயே எடேன்" என்றாள் அவள். வளைகாப்பு திரும்பி வராது. அதனால் முறையாகக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு ஒரு நல்ல புத்தகம் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். சீட்டுப் பணத்தில் ஆயிரம் ரூபாய் ஒதுக்கினேன்.

"போனைத் தட்டினா எல்லாம் வருதே, புத்தகம் எதுக்கு?" என்று என் கணவர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். வீடியோவில் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் இன்று ஒருவர் ஒன்று சொல்கிறார், நாளை இன்னொருவர் வேறு ஒன்று சொல்கிறார். எது முதல் பாடம், எது பத்தாவது பாடம் என்று புதிதாகக் கற்கிறவளுக்குத் தெரிவதில்லை. புத்தகம் அப்படியில்லை. உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு பக்கம் படிக்கலாம், பென்சிலால் கோடு போடலாம், மூடி வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எங்கள் தெருமுனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போய் விசாரித்தேன். "முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோம்மா. கம்பெனி கொடுக்கிற புஸ்தகம் வேற, நீ கடையில வாங்கப் போற புஸ்தகம் வேற" என்றார். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று சொல்வது கம்பெனியின் கையேடு. அந்தப் பொத்தானை எப்போது, எதற்காகத் திருப்ப வேண்டும் என்று சொல்வது வழிகாட்டிப் புத்தகம். மிக்ஸியோடு வரும் புத்தகத்தைப் படித்துச் சட்னி அரைக்கக் கற்க முடியுமா? அந்த மாதிரிதான். கையேட்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கம்பெனியின் இணையதளத்தில் மாடல் பெயரைக் கொடுத்தால் இலவசமாகவே கிடைக்கிறது. முழுவதையும் பிரிண்ட் எடுக்காமல், தேவையான பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுத்துக்கொண்டேன்.

பிறகு மதுரைக்குப் போய் ஒரு பெரிய புத்தகக் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று பார்த்தேன். அலமாரி நிறைய வழவழ தாளில் பெரிய பெரிய புத்தகங்கள். படங்களைப் பார்த்தால் எல்லாமே அருமை! ஆனால் படம் அழகாக இருப்பது எழுதியவரின் திறமை. நமக்கு அதைக் கற்றுத் தருகிறாரா என்றுதான் பார்க்க வேண்டும். அதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனைகளை இங்கே எழுதுகிறேன்.

முதல் சோதனை, வீட்டிலிருந்தே ஒரு கேள்வியோடு போவது. என் கேள்வி இதுதான்: "டியூப் லைட் வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தையைக் கலங்காமல் எடுப்பது எப்படி?" புத்தகத்தின் பின்பக்கம் இருக்கும் சொல்லடைவில் அதைத் தேடினேன். 'நல்ல வெளிச்சத்தில் எடுங்கள்' என்று மட்டும் சொல்கிற புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டேன். ஷட்டர் வேகத்தை விநாடியில் 250-ல் ஒரு பங்காவது வையுங்கள், அதனால் வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றுங்கள், ஏற்றினால் படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று எண்ணும் காரணமும் சேர்த்துச் சொல்கிற புத்தகம்தான் நமக்கு வேண்டும்.

இரண்டாவது சோதனை, அடிப்படையை எப்படி விளக்குகிறார்கள் என்பது. கேமராவில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவது மூன்று விஷயங்கள். அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ. எனக்கு இது குழாயடி மாதிரி தோன்றியது. குழாயை எவ்வளவு திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். குடம் பெரிதா சிறிதா என்பது ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓவை ஏற்றினால் குடம் சிறிதாகிறது, கொஞ்சம் தண்ணீரிலேயே நிரம்பிவிடும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று சேர்த்துச் சொல்லாமல், மூன்று தனித்தனி அத்தியாயமாக எழுதி விட்டுவிட்டால் புதிதாகக் கற்கிறவர்களுக்குப் புரியாது.

அப்பர்ச்சர் எண்ணில் எல்லாரும் குழம்புவார்கள். 4 என்றால் பெரிய துவாரம், 16 என்றால் சிறிய துவாரம். எண் கூடினால் துவாரம் ஏன் சுருங்குகிறது? அது பின்னம் என்பதுதான் விடை. லென்ஸின் குவியதூரத்தில் நாலில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு. நம் பாட்டி கணக்கில் சொன்னால் கால், அரைக்கால், மாகாணி! காலைவிட மாகாணி சிறிது என்று யாராவது நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? 'இது பின்னம்' என்ற ஒரு வரி புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மனப்பாடம் செய்யச் சொன்னால் வேறு புத்தகம் தேடுங்கள்.

மூன்றாவது, படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. எடுத்த இடமும் தேதியும் மட்டும் போட்டிருந்தால் நமக்குப் பிரயோஜனமில்லை. மூன்று எண்களும் இருக்க வேண்டும். என் லென்ஸின் முகப்பில் 18-55 என்றும், 3.5-5.6 என்றும் எழுதியிருக்கிறது. அதாவது அந்த லென்ஸ் 3.5-க்கு மேல் திறக்காது, 55-க்கு இழுத்தால் 5.6 தான். ஒரு புத்தகத்தில் முகப் படங்கள் எல்லாவற்றுக்கும் கீழே 1.4, 1.8 என்றே போட்டிருந்தது. அந்தப் படங்களை என் லென்ஸால் எடுக்க முடியாது. அந்தப் புத்தகத்தை வாங்கினால் அடுத்து லென்ஸ் வாங்கச் சொல்லும்! ஆகவே உங்கள் லென்ஸில் உள்ள எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நான்காவது, எழுத்துக்கள். கேனான் கேமராவின் வட்டத் திருகில் 'ஏவி', 'டிவி' என்று இருக்கும். அதே வேலைக்கு நிக்கான், சோனி கேமராக்களில் 'ஏ', 'எஸ்' என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற புத்தகமாக இருந்தால் எந்த கேமராவுக்கும் உதவும்.

ஐந்தாவது, பாதிப் புத்தகம் கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்துவது பற்றியா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பாதிப் பக்கம் எனக்குத் தேவையில்லை என்றால் பாதி விலையும் வீண்தானே!

"இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் எழுதினது. நம்ம ஊர் வெயிலுக்கும் டியூப் லைட்டுக்கும் ஒத்து வருமா?" என்று என் நாத்தனார் கேட்டார். ஒரு புத்தகத்தில் பனி மூடிய மலையைப் படம் எடுக்க ஒரு பாடமே இருந்தது. விருதுநகரில் பனிக்கு எங்கே போவது? ஆனால் பொறுமையாகப் படித்தேன். கேமராவில் உள்ள மீட்டர், எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடுமாம். அதனால் வெள்ளைப் பனி அழுக்குப் படிந்த மாதிரி வரும், பிளஸ் பக்கம் ஒன்று தள்ளி வையுங்கள் என்று எழுதியிருந்தது. பனி இருந்த இடத்தில் நான் வெள்ளை வேட்டியை வைத்துப் பார்த்தேன். முற்றத்தில் காயப்போட்ட வேட்டியை அப்படியே எடுத்தால் மங்கலாக வந்தது. பிளஸ் ஒன்று வைத்து எடுத்தால் பளீர்! ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கும் மாநிற முகம் இருண்டுபோவதும் இதே காரணத்தால்தான். ஆக, ஊர் வேறாக இருந்தாலும், ஏன் என்று காரணம் சொல்கிற புத்தகம் நம் வீட்டுக்கும் பொருந்தும். காரணம் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுக்கிற புத்தகம் அந்த ஊரோடு நின்றுவிடும்.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். அண்ணாச்சியிடம் பிரையன் பீட்டர்சன் என்ற அமெரிக்கர் எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்' இருந்தது. 1990-ல் முதலில் வந்த புத்தகம், பிலிம் காலத்துப் பதிப்பு. அதில் வெளிச்சம், துவாரம், ஷட்டர் பற்றிச் சொன்னது இன்றைக்கும் அப்படியே சரி. பிலிமில் 100, 400 என்று இருந்த வேக எண்தான் இப்போதைய ஐஎஸ்ஓ. ஆனால் டியூப் லைட்டில் நிறம் மாறுவதைச் சரி செய்யும் 'ஒயிட் பேலன்ஸ்' போன்ற டிஜிட்டல் சமாசாரங்களுக்குப் புதிய பதிப்புதான் வேண்டும். அதனால் பழசை இரவல் வாங்கிப் படித்துவிட்டு, 2016-ல் வந்த நான்காம் பதிப்பை வாங்கினேன். ஸ்காட் கெல்பி எழுதிய 'தி டிஜிட்டல் போட்டோகிராபி புக்' (2006) என்பதையும் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு விஷயமாக நண்பர் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வரும் சகோதரிகளுக்கு அது பிடிக்கும். எனக்கு அதிலுள்ள வேடிக்கைப் பேச்சு பிடிபடவில்லை. பீட்டர்சன் புத்தகத்தில் படங்களோடு எண்கள் இருக்கின்றன. எண்ணுக்கு மொழி ஏது? புரியாத வார்த்தைகளுக்கு என் எட்டாம் வகுப்பு மகள் அகராதி பார்த்துச் சொன்னாள். அவள் ஆங்கிலமும் தேறியது!

வாங்கியது மட்டும் போதாது. தினமும் ஒரு பக்கம், அன்றே ஒரு பயிற்சி என்று வைத்துக்கொண்டேன். ஒரே சொம்பை ஜன்னலோரம் வைத்து 5.6, 8, 16 என்று மூன்று விதமாக எடுத்துப் பார்த்தேன். எந்த எண்ணில் எடுத்தோம் என்பதை டிஜிட்டல் கேமரா தானே படத்தோடு பதிந்து வைக்கிறது. பிலிம் காலத்தில் நோட்டில் குறித்து வைப்பார்களாம். பிலிம் செலவும் இல்லை, பிரிண்ட் செலவும் இல்லை.

"சேலை கட்டிக்கிட்டு கேமராவைத் தூக்கிட்டு எப்படி ஓடுவே?" என்று உறவில் ஒருவர் கேலி செய்தார். 1913-ல் பிறந்த ஹோமாய் வியாரவாலா இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு சேலையில்தான் டில்லியில் தலைவர்களையெல்லாம் படம் எடுத்தார். 2011-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். அதைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

வளைகாப்பன்று ஜன்னல் பக்கம் தங்கையை உட்கார வைத்தேன். ஐஎஸ்ஓ 1600, பிளஸ் ஒன்று. வளையல் அடுக்கும் கைகள் கலங்காமல் வந்தன. பெண்கள் யாரும் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார்கள், கன்னத்தில் சந்தனம் பூசி விளையாடினார்கள். சமையலறையில் நின்ற அம்மாவையும் அத்தையையும் கையைப் பிடித்து இழுத்து வந்து தனித்தனியாக எடுத்தேன். அடுத்த வாரமே பக்கத்துத் தெருவில் ஒரு சடங்கு வீட்டுக்குக் கூப்பிட்டு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்கள். புத்தகக் காசு கைக்கு வந்துவிட்டது!

எங்கோ பீரோவில் ஒரு கேமரா தூங்கிக்கொண்டிருந்தால் எடுத்துத் தூசு தட்டுங்கள் சகோதரிகளே. ஒரு கேள்வி, லென்ஸ் எண் எழுதிய ஒரு சீட்டு. இரண்டோடும் கடைக்குப் போங்கள். வெட்கப்படாமல் நின்று படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

- ஒரு வாசகி, விருதுநகர்.