பூட்டிய வீட்டின் காவல்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சொந்த ஊருக்குப் புறப்படும் குடும்பங்களும், கோடை விடுமுறையில் குலதெய்வக் கோயிலுக்குப் பிரயாணமாகும் குடும்பங்களும், வாசற்கதவில் கனத்த பூட்டொன்றைத் தொங்கவிட்டு, அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்துத் திருப்தியடைந்து கிளம்பிவிடுகின்றன. ஆனால் உள்ளே எவரும் இல்லை என்ற சமாசாரத்தை வீதியில் போவோர் வருவோர் அனைவருக்கும் அந்தப் பூட்டே அறிவித்துக்கொண்டிருக்கிறது என்பதை அவர்களில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

திருட வருகிறவன் பெரும்பாலும் முன்னதாகவே நோட்டம் பார்த்து வைக்கிறான். கோலமிடாத வாசல், கதவடியில் சேர்ந்து கிடக்கும் பத்திரிகைகள், நடுப்பகலிலும் அணையாத வாசல் விளக்கு, கொடியில் எடுக்காமல் விட்ட துணி ஆகிய இவையே அவனுக்குப் போதுமான அடையாளங்கள். பூட்டு எவ்வளவு உயர்ந்த ரகமாயினும், அதைத் தாங்கும் நாதாங்கி உளுத்த மரத்தில் இரண்டு திருகாணிகளை நம்பி நிற்குமானால், கடப்பாரையின் ஒரே நெம்பில் அது பெயர்ந்து வந்துவிடும். ஆகையால் கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டும், புழக்கடைக் கதவுக்கும் மொட்டைமாடிக் கதவுக்கும் உட்புறம் வலுவான தாழ்ப்பாளும் அவசியம். மீட்டர் பெட்டியிலும் பூந்தொட்டிக்கடியிலும் வீட்டுச் சாவியை மறைப்பதும், பீரோவின் சாவியைப் பீரோவின் மேலேயே வைப்பதும் நம் வீடுகளில் தலைமுறையாக வந்த பழக்கங்கள். தலைமுறையாக வந்ததனாலேயே திருடனும் அவற்றை அறிவான்.

இருந்தபோதிலும், இந்த ஏற்பாடுகள் எல்லாம் திருடனைச் சிறிது நேரம் தாமதப்படுத்துமே தவிர, அந்தத் தாமதத்தைக் கவனித்துக் குரல் கொடுக்க ஒருவர் இல்லாவிடில் அவற்றால் பிரயோஜனம் சொற்பமே. அந்த ஒருவர் அண்டை வீட்டார். திண்ணையில் யாரேனும் எப்போதும் உட்கார்ந்திருந்த அந்நாளைய தெருவில், புது முகத்தைக் கண்டால் “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்பது சகஜமாயிருந்தது, இன்றோ ஒரே மாடிப்படியை வருஷக்கணக்காக ஏறி இறங்கும் குடித்தனக்காரர்கள் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் வசிக்கிறார்கள். குடியிருப்போர் சங்கங்கள் காமிராவுக்குப் பணம் திரட்டுவதற்கு முன்பாக, தெருவிலுள்ள எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும், தொலைபேசி எண்களைப் பரிமாறிக்கொள்ளவும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் அதனால் விளையும் நன்மை பெரிது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஊருக்குப் போகிறவர் பத்திரிகையை எடுத்து வைக்கவும், வாசல் தெளித்துக் கோலமிடச் சொல்லவும், மாலையில் விளக்கேற்றிக் காலையில் அணைக்கவும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிப் போகலாம். அடுத்த முறை அவர் போகும்போது இவர் பார்த்துக்கொள்ளலாம்.

காமிரா வேண்டாம் என்பதல்ல. சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் வீதிதோறும் அதைப் பரவச் செய்தது. துப்புத் துலக்குவதற்கு அது மகத்தான சகாயம். எனினும் நடந்ததைப் பதிவு செய்வதே அதன் வேலை; பதிவுப் பெட்டியைக் கூடத்தில் கண்ணெதிரே வைத்தால், கள்வர் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பல நாள் வெளியூர் செல்வோர் உள்ளூர்க் காவல் நிலையத்தில் விலாசத்தையும் திரும்பும் தேதியையும் முன்கூட்டித் தெரிவித்தால், இரவு ரோந்து செல்லும் காவலர்கள் அந்த வீட்டின் மீது ஒரு கண் வைத்திருக்க ஏதுவாகும். பிரயாணத்தின் படங்களை உடனுக்குடன் வெளியிட்டு வீடு காலி என்று அறிவிக்காமல், பிரயாணம் முடிந்து திரும்பிய பிறகு உலகுக்குக் காட்டலாம்.

நள்ளிரவில் திருடன் உள்ளே இருக்கும்போது வீட்டார் விழித்துக்கொண்டால் என்ன செய்வது? அறைக்கதவைத் தாழிட்டு, விளக்கைப் போட்டு, சத்தமிட்டு, 100 அல்லது 112 என்ற எண்ணை அழைப்பதே உயிருக்குப் பாதுகாப்பான மார்க்கம். தற்காப்புச் செய்துகொள்ளும் உரிமையை இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கிறது. சூரியாஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே வீட்டை உடைத்துப் புகுகிறவனிடத்தில் அவ்வுரிமை அவனுக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்குங்கூட நீளலாம் என்று அதன் 41-வது பிரிவு கூறுகிறது. ஆயினும் அவசியத்துக்கு மிஞ்சிய தீங்கு செய்யலாகாது என்பதும், அரசாங்க அதிகாரிகளின் உதவியை நாட அவகாசமிருக்கும்போது அவ்வுரிமை கிடையாது என்பதும் அதே சட்டத்தின் விதிகள். மதில் மேல் மின்சாரம் பாய்ச்சி வைப்பது தற்காப்பாகாது. பந்தெடுக்க ஏறிய பிள்ளை அதில் மாண்டால் கூண்டில் நிற்கப்போகிறவர் வீட்டுக்காரரே.

பிடிபட்டவனைக் கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும் கொடுமையைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கண்ணெதிரே திருடியவனைப் பிடித்து வைக்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. ஆனால் தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், அவனைப் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. அவனை அடிக்க எவருக்கும் அதிகாரமில்லை. 2018-ல் குழந்தை கடத்த வந்தவர்கள் என்ற வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கூட்டம் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. சாதியையோ மொழியையோ பிறந்த ஊரையோ காரணமாக்கி ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரைக் கொன்றால், மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதா வகுத்திருக்கிறது. பிறப்பைக் கொண்டு குற்றம் சுமத்தும் வழக்கம் பழையது; 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் சில சமூகத்தாரைப் பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்தி, அவர்களது நடமாட்டத்தையே பதிவேட்டில் அடைத்து வைத்தது. சென்னை மாகாணத்தில் 1947-ல் அது ஒழிந்தது. ஆனாலும் பழைய துணி வாங்குகிறவரையும், வடமாநிலத் தொழிலாளியையும், ஊசி மணி விற்க வரும் பெண்ணையும் கண்டவுடன் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டத்தைத் திரட்டும் மனோபாவத்தில் அந்தச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. விழிப்போடு இருக்கும் தெரு, வருகிறவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் யார் வயிற்றில் பிறந்தவர் என்பது அதற்கு வேண்டாத விசாரணை.

திருட்டு நடந்துவிட்டதென்றால், இறைந்து கிடப்பதை எடுத்து அடுக்காமலும், பீரோவைத் தொடாமலும், விரல்ரேகை நிபுணர் வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். பிறகு முதல் தகவல் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். மனு ரசீது அதற்கு ஈடாகாது. சம்பவம் எந்த எல்லையில் நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியாக அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகல் இலவசம். பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் எழுதலாம். அதற்கும் பலனில்லையேல் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம். விசாரணையின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிப்பது போலீஸாரின் கடமை.

புகாரில் சவரன் கணக்கை உள்ளபடியே எழுத வேண்டும். வருமான வரிக்குப் பயந்து குறைத்துச் சொல்லும் குடும்பங்கள் உண்டு. மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரையிலான ஆபரணங்களைச் சோதனையின்போது கைப்பற்றத் தேவையில்லை என்று 1994-லேயே மத்திய நேரடி வரி வாரியம் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருப்பதை அறிந்தால் அப்பயம் பெரிதும் தணியும். நகையின் படமும், கடை ரசீதும், ஹால்மார்க் முத்திரையோடு பொறித்த ஆறு எழுத்து அடையாளக் குறியும் வீட்டுக்கு வெளியே வேறொரு பத்திரமான இடத்தில் இருக்கட்டும்.

வீட்டுக் காப்பீடு எடுத்தவர்கள் பத்திரத்தை இன்றே படித்துப் பார்ப்பது நல்லது. ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுத் திட்டம் தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அத்தகைய விபத்தை ஒட்டி 7 நாட்களுக்குள் நேரும் திருட்டைத் தவிர மற்றத் திருட்டுக்குத் தனியாகக் காப்புப் பெற வேண்டும். வங்கி லாக்கரில் திருட்டு நேர்ந்தால், ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரையே வங்கி பொறுப்பேற்கும் என்பது 2022 முதல் அமலிலுள்ள ரிசர்வ் வங்கியின் விதி.

மீட்கப்பட்ட நகை, வழக்கு முடியும்வரை நீதிமன்றக் காவலிலேயே கிடக்க வேண்டியதில்லை. புகைப்படமெடுத்து, விவரப் பட்டியலிட்டு, தக்க பிணையின் பேரில் உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் நெறி வகுத்தது. 14 நாட்களுக்குள் பட்டியல், அதன்பின் 30 நாட்களுக்குள் உத்தரவு என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-வது பிரிவு காலவரையறையும் இட்டிருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலையும், ரசீதுகளையும், நகை அணிந்தெடுத்த பழைய படங்களையும் இணைத்து நடுவரிடம் மனுச் செய்து நகையைப் பெறலாம். விசாரணையின்போது நீதிமன்றம் கேட்டால் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்குமாதலால், அதுவரை அந்த நகையை அழித்து வேறு செய்யாமல் வைத்திருக்க வேண்டும்.