ஆயில் குடிக்கும் பிக்-அப்! என்ஜினை இறக்கும் முன் இதைப் பாருங்க

பந்தலூர்:
தேயிலைக் கொழுந்து ஏற்றி மேடு பள்ளமெல்லாம் ஓடும் பிக்-அப் வண்டிகளில் சில, டீசலோடு என்ஜின் ஆயிலையும் 'குடிக்கும்'. "என்ஜின் போச்சு" என்று பதறி உடனே போர் போடக் கொடுத்தால் பர்ஸ்தான் காலி!

அளவே பொய் சொல்லும்

சரிவில் நிறுத்தி டிப் ஸ்டிக் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும். குறைவு என்று நினைத்து ஊற்றினால், மிஞ்சிய ஆயில் பிரீதர் குழாய் வழியே போய் எரியும். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்துப் பார்க்கணும். ஊற்றிய ஆயில், ஓடிய கிலோமீட்டர் இரண்டையும் எழுதி வைக்கணும்.

புகை சொல்லும் சேதி

வண்டிக்கு அடியில் சொட்டு இருந்தால் ஒழுகல். சம்ப் கேஸ்கட், ஆயில் சீல்களைப் பார்க்கணும்.

சொட்டு இல்லாமல் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றால் வால்வ் சீல் மேல் சந்தேகம். நாடுகாணி மலைப்பாதையில் லோடோடு ஏறும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ. கறுப்புப் புகை டீசல் சமாச்சாரம். அதை இதோடு குழப்பக் கூடாது.

டர்போவைச் சோதித்து, கம்ப்ரெஷன் டெஸ்டும் முடிந்த பிறகே ரிங், போர் வேலை. கெட்டியான ஆயில் ஊற்றிச் சமாளிப்பது வைத்தியம் ஆகாது.

ஓட்டத்தில் ஆயில் விளக்கு எரிந்தால்? உடனே ஓரங்கட்டி என்ஜினை அணைக்கணும். "ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்றால், ஒரு கேஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு முழு என்ஜினுக்கே போய்விடும்!