வசனத்துக்கு முன்னும் பின்னும்

புத்தாண்டு ஆராதனை முடிந்து கோயிலை விட்டு வெளியே வரும்போது ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்தில் வழக்கம். ரோஜாப்பூ, அருவி, சூரிய உதயம் என்று ஏதாவது ஒரு படத்தின் மேல் ஒரு வசனம் அச்சாகியிருக்கும். எரேமியா 29:11 கிடைத்தவர்களுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நல்ல காலம் வைத்திருக்கிறேன் என்று கடவுளே சொல்கிற இடம் அல்லவா? பொங்கல் முடிந்து கேட்டுப்பாருங்கள். அட்டையும் இருக்காது, வசனமும் பாதிதான் வரும். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எங்கிருந்தோ கத்தரித்து எடுத்த ஒற்றை வரி மனசில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அந்த வரி ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று சிலர் அவர்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்த நேரம். எரேமியா ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், திரும்பி வர எழுபது வருஷம் ஆகும். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் அட்டையில் இருக்கும் வார்த்தைக்கு வருகிறார். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வசனத்தைக் கொடுங்கள். பிறகு ஒப்புவிக்கச் சொல்லி யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

வசன எண்களுக்கும் நாம் ரொம்ப மரியாதை கொடுக்கிறோம். எழுதியவர்கள் போட்ட எண்கள் இல்லை அவை. இன்றைய அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் வகுத்ததாகச் சொல்வார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. வெட்டிய இடம் சில சமயம் கோணலாகவும் விழுந்திருக்கிறது. எல்லாரும் மனப்பாடம் பண்ணும் ஏசாயா 53, உண்மையில் 52-ஆம் அதிகாரத்தின் 13-ஆம் வசனத்திலேயே தொடங்கிவிடுகிறது. என் வகுப்பில் அங்கிருந்துதான் சொல்ல வேண்டும். தேர்வில் மார்க் குறையுமே என்று சில பெற்றோர் கேட்பார்கள். குறையட்டும்.

ஏட்டைப் பார்த்து வாசித்தவர்களைவிடக் காதால் கேட்டவர்களே அதிகமாக இருந்த காலத்தில் உருவான புத்தகம் இது. அதனால் மனசில் நிற்பதற்கான கட்டுமானம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆத்திசூடி படித்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். அகர வரிசையைப் பிடித்துக்கொண்டே ஔவை நம்மை நடத்திப் போகிறாள். 119-ஆம் சங்கீதமும் அதே வேலையைச் செய்கிறது. எபிரெய எழுத்து 22, எழுத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176. புலம்பல் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு அதிகாரத்திலும் கடைசி வசனத்தின் எண்ணைப் பாருங்கள்: 22, 22, 66, 22, 22. நகரம் எரிந்து கிடக்கிறது, பிள்ளைகள் பட்டினியில் சாகிறார்கள், புலம்புகிறவர் எழுத்து வரிசை தவறாமல் புலம்புகிறார். மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மும்மூன்று வசனம். ஐந்தாவதற்கு வரும்போது எண்ணிக்கை 22 என்று சரியாக இருக்கிறது, வரிசை மட்டும் இல்லை. அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள். அழுது அழுது ஓய்ந்துவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இந்த எழுத்து வரிசை தமிழில் வராது. ஆனால் இரண்டிரண்டாகச் சொல்லும் முறை அப்படியே வந்திருக்கிறது. சங்கீதத்தில் முதல் பாதி சொன்னதைப் பெரும்பாலும் இரண்டாம் பாதி வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லும், இல்லாவிட்டால் எதிர்த்துச் சொல்லும். பாதி நினைவிருந்தால் மீதியைத் தேடிப் பிடித்துவிடலாம்.

எல்லாருக்கும் தெரிந்த 23-ஆம் சங்கீதத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் நாலாம் வசனத்தில்தான். அதுவரை மேய்ப்பரைப் பற்றி நம்மிடம் சொல்லிக்கொண்டு வந்தவர், இருண்ட பள்ளத்தாக்கு வந்ததும் நம்மை விட்டுவிட்டு மேய்ப்பரிடமே பேசத் தொடங்கிவிடுகிறார். கவனிக்காமல் ஒப்புவிக்கிற பிள்ளை அந்தத் திருப்பத்தில் விழுந்துவிடும். ஏன் அங்கே ஆள் மாறுகிறார் என்று கேட்டேன். “இருட்டுல பேசிக்கிட்டே போனா பயம் தெரியாதுல்லா” என்றாள் ஒரு சின்னவள். அதற்குமேல் நான் என்ன விளக்கவுரை சொல்ல?

லூக்கா 15-க்குப் புளியங்கொட்டை வேண்டும். தரையில் நூறு கொட்டையைப் பரப்பி, பிள்ளைகள் கண்ணை மூடியிருக்கும்போது ஒன்றை எடுத்துவிடுவேன். ஒருவருக்கும் தெரியாது. பத்தை வைத்து ஒன்றை எடுத்தால் இரண்டு மூன்று பேர் முழிப்பார்கள். இரண்டில் ஒன்றை எடுத்தால் வகுப்பே கத்தும். நூறு ஆட்டில் ஒன்று, பத்து வெள்ளிக்காசில் ஒன்று, இரண்டு மகன்களில் ஒருவன். இயேசு சொன்ன வரிசை இதுதான். இனி அவர்களுக்கு அந்த அதிகாரம் மறக்காது.

இங்கேயும் முன்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு வசனத்தில், பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானே என்று பரிசேயர் முறுமுறுக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த மூன்று கதையும். கடைசியில் தம்பிக்கு வைத்த விருந்துக்கு உள்ளே வரமாட்டேன் என்று அண்ணன் வெளியே நின்று முறுமுறுக்கிறான். “அப்புறம் அண்ணங்காரன் உள்ள போனானா டீச்சர்?” என்று யாராவது ஒரு பயல் கேட்காமல் விடமாட்டான். லூக்கா அதை எழுதவில்லை. எதிரே நின்ற பரிசேயர் உள்ளே வருவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் கையில் அல்லவா இருந்தது?

நம் ஊரில் பாட்டும் இந்த வேலையைப் பார்த்திருக்கிறது. தரங்கம்பாடியில் 1715-இல் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? 1774-இல் பிறந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். குறத்தி குறி சொல்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு வேதக் கதை சிரமமில்லாமல் இறங்கியது. அவர் கீர்த்தனைகளை அட்சரம் தெரியாத கிழவிகள்கூடப் பிசகாமல் பாடியதை நான் கேட்டிருக்கிறேன்.

புத்தகக் கணக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பழைய ஏற்பாடு 39. அந்த மூன்றையும் ஒன்பதையும் பெருக்கினால் 27, அது புதிய ஏற்பாடு. கூட்டினால் 66. கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகம், ஆகவே அங்கே இந்த வித்தை செல்லாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஆதியாகமத்தில் பிடித்து வரிசையாகப் போகிறேன் என்று கிளம்பி, லேவியராகமத்தின் பலி விதிகளில் சிக்கி நின்றுவிடுவார்கள். பதினாறே அதிகாரமுள்ள மாற்குவை முதலில் எடுங்கள், ஒரே மாலையில் சத்தமாக வாசித்து முடித்துவிடலாம். நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம், தேதிக்கு ஒன்றாகக் காலண்டரைப் பார்த்தே போகலாம். முழுசாக ஒரு சங்கீதம் மனப்பாடம் ஆக வேண்டுமென்றால் 117 இருக்கிறது. இரண்டே வசனம், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.