ஸ்கேனில் ஒரு சின்னப் புள்ளி... பதறாதீங்க!

விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று ஒரு பக்கக் கை, கால் வெட்டி வெட்டி இழுக்கிறது. வேப்பம்பட்டிலிருந்து சென்னைக்கு ஓடி, ஸ்கேன் எடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் 'ஸ்மால் ரிங் என்ஹான்ஸிங் லீஷன்' என்று ஒரு வரி. "ஐயையோ, மூளையில கட்டியா?" என்று வீடே இடிந்துபோகிறது.

கொஞ்சம் பொறுங்கள். 'லீஷன்' என்றால் மாறுதல் தெரிகிற இடம், அவ்வளவுதான். புற்றுநோய் என்று அர்த்தமில்லை. ஊசி வழியே செலுத்திய மருந்து அந்த இடத்தைச் சுற்றி மோதிரம்போலத் தெரிவதால் 'ரிங்'.

ஒரு காலத்தில் இதைப் பெரும்பாலும் டி.பி. கட்டி என்று நினைத்து, மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் இத்தகைய புள்ளிகளை எடுத்துச் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது நாடாப்புழுவின் இளம்பருவம்! 1989-ல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டார்கள்.

"நாங்க சுத்த சைவமாச்சே?" என்பீர்கள். சரியாக வேகாத பன்றி இறைச்சி சாப்பிட்டவர் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தில் வெளியேறி, கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். அங்கிருந்து ரத்தத்தோடு மூளைக்கு! அந்தப் புழு சாகும்போது சுற்றிலும் வீக்கம், அதனால்தான் வலிப்பு.

புள்ளி 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, விடாத தலைவலி, வாந்தி, கூடிக்கொண்டே போகும் கை கால் பலவீனம் உண்டா என்று டாக்டர் பார்ப்பார். இருந்தால் டி.பி. உள்பட வேறு காரணங்களையும் தேடுவார்.

வலிப்பு மருந்துதான் முதல் சிகிச்சை. பூச்சி மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுத்தால் வீக்கம் கூடி, வலிப்பு அதிகமாகலாம். பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் புள்ளி மறைந்தே போகிறது. சிலருக்குச் சுண்ணாம்புத் தழும்பாக நிற்கும். அவர்களுக்கு மருந்து கூடுதல் காலம் தேவைப்படலாம். எனவே, டாக்டர் சொன்ன தேதியில் மறு ஸ்கேன் அவசியம். "இப்பதான் வலிப்பே வரலையே" என்று மருந்தைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

மறுபடி வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிதான்!