தூங்கி வழியும் வைஃபை கார்டு

முடிச்சூரிலும் மேற்குத் தாம்பரத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் நிற்பது புதிதல்ல. ரூட்டருக்கென்று சிறு யு.பி.எஸ். வைத்திருக்கும் வீடுகளில் இணையம் பெரும்பாலும் நிற்பதில்லை. ஆனால் லாப்டாப்பில் மட்டும் வைஃபை விட்டுவிட்டு வரும். அந்நேரம் பார்த்து இணையவழி நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் பாடு திண்டாட்டம்தான்! ரூட்டரைத் திட்டுவார், கம்பெனிக்குப் புகார் செய்வார், கடைசியில் "கார்டு போய்விட்டது" என்று முடிவு கட்டிக் கடைக்குப் புறப்படுவார். அநேகமாக அந்தக் கார்டு போகவில்லை. தூங்குகிறது!

உறக்கம் ஏன்?

வைஃபை கார்டு ஒரு சிறு ரேடியோ. எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால் பேட்டரி வீணாகும். ஆகவே, 1997-ல் வகுத்த அடிப்படை விதிகளிலேயே அது இடையிடையே கண்ணயர இடம் தரப்பட்டது. ரூட்டர் வினாடிக்குச் சுமார் 10 தடவை அறிவிப்பு விடுகிறது. தாம்பரம் ரயிலடியில் கண்ணயர்ந்த பிரயாணி ஒலிபெருக்கிக்கு விழிப்பதுபோல் கார்டும் விழித்துக் கேட்கிறது. அதுவரை அதற்கு வந்த தகவலை ரூட்டர் பத்திரப்படுத்தி வைக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால்தான் தொல்லை.

சார்ஜர் செருகியிருக்கையில் விண்டோஸ் பொதுவாகக் கார்டை முழு வலுவுடன் இயங்க விடுகிறது. பேட்டரிக்கு மாறியதும் சிக்கனம் தொடங்குகிறது. மின்சாரம் நின்றதும் வைஃபை தடுமாறுவதன் ரகசியம் இதுவே.

சோதிப்பது எப்படி?

ரூட்டரின் பக்கத்திலேயே அமர்ந்து, சார்ஜரைச் செருகியும் எடுத்தும் பாருங்கள். எடுத்தால் மட்டும் தடுமாறினால் குற்றவாளி சிக்கனந்தான். இரண்டிலும் தடுமாறினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

பரிகாரம்

டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து, வைஃபை கார்டின் பிராபர்டீஸுக்குச் செல்லுங்கள். பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைக்கலாம் என்னும் வரிக்கு எதிரேயுள்ள 'டிக்'கை நீக்குங்கள். சில லாப்டாப்புகளில் அந்தப் பக்கம் இராது. அப்படியானால் பவர் ஆப்ஷன்ஸில் வயர்லெஸ் அடாப்டர் அமைப்பைத் தேடி, பேட்டரிக்கும் 'மேக்ஸிமம் பெர்ஃபாமன்ஸ்' என்று வையுங்கள்.

லினக்ஸும் நமக்கு அந்நியமல்ல. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சி-டாக்கும் திறந்த மூல மென்பொருளுக்காக 2005-ல் அமைத்த தேசிய மையத்தின் படைப்பே பாஸ் லினக்ஸ். லினக்ஸ் வைத்திருப்போர் நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் என்பதை 2 ஆக்கினால் உறக்கம் நிற்கும். 3 என்றால் தொடரும்.

இதனால் பேட்டரி சற்று விரைவில் தீரும், அவ்வளவே. நேர்முகத் தேர்வு முடிந்ததும் பழையபடி மாற்றிக் கொள்ளலாம். புதுக் கார்டுக்குப் பணம் எடுக்குமுன் இந்த ஐந்து நிமிஷச் சோதனையைச் செய்து பாருங்கள், பணம் மிச்சம்!