வழிமறிக்கும் கடதாசிகள்: பக்கக்கட்டினை மதிப்பிடுமாறு

கடதாசி விளையாட்டு என்றதும் நம்மவர் நினைவில் முன்னிற்பது முந்நூற்று நான்கு. அங்கு ஆடுவோர் அனைவர்க்கும் கட்டு ஒன்றே. வரும் கையைக் கொண்டு திறமை காட்டுதலே ஆட்டம். 1993ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கணித அறிஞர் றிச்சட் காஃபீல்ட் வகுத்தளித்த ‘மஜிக் த கதரிங்’ என்னும் விளையாட்டோ இதனின் வேறானது. பல்லாயிரம் கடதாசிகளிலிருந்து ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியவற்றைத் தெரிந்து, குறைந்தது 60 கொண்ட கட்டொன்றைத் தாமே அமைத்து வருவர். ஆதலின், ஆட்டத்தின் பாதி, மேசையில் அமருமுன்பே ஆடப்பட்டு விடுகின்றது எனலாம்.

போட்டியொன்றில் மூன்று ஆட்டங்களுள் இரண்டை வென்றவரே வெற்றியாளர். முதலாட்டம் முடிந்தபின், ‘சைட்போட்’ எனப்படும் பக்கக்கட்டிலிருந்து சில கடதாசிகளை எடுத்துத் தம் கட்டிலுள்ள சிலவற்றுக்குப் பதிலாக வைக்கலாம். அப்பக்கக்கட்டில் 15க்கு மேல் இருத்தல் ஆகாது. அடிப்படை நிலங்கள் தவிர்ந்த எக்கடதாசியும் இரு கட்டுகளிலும் சேர்த்து நான்கு படிகளுக்கு மேற்படலாகாது. இப்பதினைந்து இடங்களையும் எவற்றுக்கு அளிப்பது? எதிரியின் சூழ்ச்சியை அடியோடு குலைக்கும் கடதாசிகளே இளைஞரின் கண்ணை முதலிற் கவர்வன. அவற்றின் மதிப்பை அளந்தறிதற்குரிய சில வினாக்களை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது வினா: அது உரிய காலத்திற் கைக்கு வருமா? ‘லேலைன் ஒவ் த வொயிட்’ என்னும் கடதாசி தொடக்கக் கையிலேயே இருப்பின், செலவின்றி ஆட்டத் தொடக்கத்திற் களத்தில் வைக்கலாம். அதன்பின் எதிரியின் மயானத்துக்குச் செல்ல வேண்டிய கடதாசிகள் அங்குச் செல்லாது ஆட்டத்தினின்றே நீக்கப்படும். மயானத்தை நம்பி அமைத்த கட்டுக்கு இதனினும் பெரிய இடர் அரிது. ஆயின், 60 கடதாசிகளுள் நான்கு படிகள் இருப்பின், ஏழு கடதாசி கொண்ட தொடக்கக் கையில் ஒன்றேனும் வருதற்குரிய வாய்ப்பு நூற்றுக்கு 40 மட்டுமே. கையை மாற்றி மீண்டும் ஏழு எடுப்பின் அவ்வாய்ப்பு 64 ஆக உயரும். ஆனால், ஒரு கடதாசியை இழக்க நேரும். இரண்டு படிகளே வைத்தவர்க்கோ தொடக்கத்தில் 22தான். பிந்தி வரின் அதற்கு நான்கு மானா செலவிட வேண்டும். அதற்குள் எதிரி தன் கருமத்தை முடித்திருப்பான்.

இரண்டாவது வினா: அது செயற்படுவது எதிரியின் செயலுக்கு முன்னரா, பின்னரா? ‘பிளட் மூன்’ மூன்று மானா விலையுடையது. அடிப்படையல்லாத நிலங்கள் அனைத்தையும் மலைகளாக்கி, அவை செந்நிற மானா மட்டுமே தருமாறு செய்வது. ‘ட்ரொன்’ எனப்படும் கட்டினர் ‘ஊர்சா’வின் பெயர் தாங்கிய மூவகை நிலங்களையும் ஒருங்கு சேர்த்து, மூன்றாம் முறையிலேயே ஏழு மானா பெறுவர். நாம் முதலில் ஆடின், நமது மூன்றாம் முறையில் பிளட் மூன் வந்து அவர்களைத் தடுக்கும். அவர்கள் முதலில் ஆடின், அது வருமுன்பே ஏழு மானாவும் செலவாகி, பெரும்பொருளொன்று களத்தில் நிற்கும். ஒரே கடதாசி, ஒரே எதிரி. முறை ஒன்று மாறியதும் மதிப்பும் மாறிற்று.

மூன்றாவது வினா: அது நமக்குத் தருவது வெற்றியா, அவகாசமா? பிளட் மூன் விழுந்த பின்னும் ட்ரொன் கட்டினர் நிலங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே செல்வர். அவர்தம் பெருங்கடதாசிகள் பலவற்றுக்கு எந்நிற மானாவும் போதும். ஏழு மலைகள் சேர்ந்ததும் ‘கார்ன் லிபறேற்றட்’ வரும். பிளட் மூனையே களத்தினின்று நீக்கிவிடும். ஆகவே, தடை நிற்கும் சில முறைகளுக்குள் எதிரியின் உயிர்ப்புள்ளிகளை முடிக்கவல்ல படை நம்மிடம் உண்டா என்று முன்னரே பார்த்தல் வேண்டும். படையின்றி மதகை மட்டும் அடைப்பவன் வெள்ளத்தைப் பிற்போடுகின்றானேயன்றித் தப்பினானல்லன்.

நான்காவது வினா: அதன் கேடு நம்மையும் சாருமா? ‘றெஸ்ற் இன் பீஸ்’ இருவர் மயானத்தையும் ஒருங்கே அழிப்பது. நம் கட்டும் மயானத்தைப் பயன்படுத்துவதாயின், எதிரிக்கு வெட்டிய குழியில் நாமும் வீழ்வோம். அன்றியும், புதிதாக ஒன்று உட்புகுமிடத்துப் பழையது ஒன்று வெளியேற வேண்டும். மறிக்கும் கடதாசிகளை அளவின்றிப் புகுத்துவோர், தம் கட்டு எதனாற் சிறந்ததோ அதனையே வெளியேற்றி விடுகின்றனர்.

இனி, இவற்றை எண்ணால் நிறுத்துப் பார்ப்போம். பின்வருவன விளக்கத்துக்காக யாம் கொண்ட எண்களே. பத்து எதிரிகளுள் ஒருவர் மயானக் கட்டினர் என்க. அவரிடம் நமது வெற்றி வாய்ப்பு 35. மறிக்கும் கடதாசி காலத்தில் வந்தால் 65. வேறுபாடு 30. அது வருவதோ நூற்றுக்கு 40 முறை. எனவே, மெய்யான ஊதியம் 12. பத்தில் ஒருவருக்கே அது பயன்படுதலின், போட்டிகள் அனைத்தையும் நோக்க 1.2. இனி, அதே நான்கு இடங்களில் எளியதொரு கடதாசியை வைத்து, பத்தில் ஐவரிடம் நான்கு நான்காக ஊதியம் பெறின், அது 2 ஆகும். ஆரவாரமற்ற கடதாசியே வென்றது! ஆயின், மயானக் கட்டினர் பத்தில் மூவராகப் பெருகின் முன்னையது 3.6 ஆகிவிடும். ஆகவே, கடதாசிக்கு மதிப்பிடுமுன் களத்துக்கு மதிப்பிடுக.

களம் பெருகியவிடத்தும் மறித்தல் போதாமற் போதல் உண்டு. 2019ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ‘ஹோகாக்’ என்னும் கடதாசி வெளிவந்தது. மயானத்தைச் சார்ந்த அதன் கட்டு ‘மொடேண்’ எனப்படும் போட்டி வகையில் மிக்கோங்கிற்று. அதற்கஞ்சிய பலர், பக்கக்கட்டிலிருக்க வேண்டிய லேலைனை முதற்கட்டிலேயே வைத்து ஆடினர். அங்ஙனம் எல்லோரும் காத்திருந்தும் அதன் வெற்றி குன்றவில்லை. ஓகஸ்ட் மாதத்தில் வெளியீட்டாளரே அக்கடதாசியைத் தடை செய்தனர். மறிப்பினை எதிர்பார்த்தே வருபவன், அம்மறிப்பினை அகற்றுதற்குரியவற்றையும் தன் பக்கக்கட்டில் கொண்டு வருவான் என்பதும் மறக்கற்பாலதன்று.

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தமையை நம் மாணவர் அறிவர். பதினைந்து இடங்களை நிரப்ப அமரும் இளைஞர், ஒவ்வொரு கடதாசியையும் கையிலெடுத்து, இது யாரை மறிக்கும், எப்போது வரும், வந்தபின் யாம் எவ்வாறு வெல்வோம், இதற்காக எதனை இழப்போம் என நான்கையும் வினவுவாராக. நான்கிற்கும் விடை கூறாத கடதாசி எத்துணைப் பேர்பெற்றதாயினும், அதன் இடத்தைப் பிறிதொன்றுக்கு அளித்தலே தக்கது.